இசிஆர் நர்சரியில் ‘ஜப்பான் ஆர்கிட்’ வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

புதுச்சேரி இசிஆர் பக்கம் ஒரு நர்சரியில் ‘ஜப்பான் ஆர்கிட்’ என்று 1,800 ரூபாய்க்கு விற்கிறார்கள். செடி போலி இல்லை, சிம்பிடியம் கோரிங்கி என்கிற அசல் ஆர்கிட் வகைதான். “நம்ம ஊர் வெயிலுக்கு நல்லா வரும் சார், வருஷா வருஷம் தை மாசம் பூத்துடும்” என்று சொல்லி விற்றார்கள் பாருங்கள், ஏமாற்று வேலை அங்கேதான்.

நான் வாங்கும்போதே மொட்டு இருந்தது, பூத்தது. அது வேறு எங்கோ குளிரில் உருவாகி வந்த மொட்டு. அடுத்த ஐப்பசியில் இலைக்கடியில் புதிதாக இரண்டு மொட்டு தலைகாட்டின. மார்கழி முழுக்க அசையவே இல்லை. தையில் மேலுறை பழுப்பானது. நகத்தால் பிரித்துப் பார்த்தால் உள்ளே கறுத்துப்போன கூழ்.

இந்தச் செடி சீனா, கொரியா, ஜப்பான் காடுகளில் தரையில் வளர்வது. குளிர்காலத்துக்கு முன்பே மொட்டு வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடும். இரண்டு மாதமாவது 10 டிகிரிக்குக் கீழே கிடந்தால்தான் மொட்டு ஒழுங்காக விரியும். நமக்கோ ஜனவரி ராத்திரியே 20 டிகிரியை ஒட்டி இருக்கும். அது ஓய்வெடுக்கத் தயாராகும் சமயத்தில் இங்கே வடகிழக்குப் பருவமழை வேறு கொட்டுகிறது. கத்திரி வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

போய்க் கேட்டேன். “உரம் வைக்கலையா சார்?” என்று நர்சரிக்காரர் 350 ரூபாய் பாட்டிலை நீட்டினார். வேண்டாம் என்றதும், ராத்திரியில் தொட்டியில் ஐஸ் கட்டி போடச் சொன்னார். ஐஸ் கரைந்தால் வேர்தான் நனையும். சுற்றியுள்ள காற்று குளிர்ந்துவிடுமா என்ன? பணத்தைக் கேட்டால், “உயிருள்ள பொருள், ரிட்டர்ன் கிடையாது” என்கிறார்.

ஊட்டியில் வீடு இருந்தால் தாராளமாக வாங்குங்கள். புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்குத் தாய்லாந்து டென்ட்ரோபியம், வாண்டா ஆர்கிட்களே போதும்; இரண்டும் புழுக்கத்தில் வளர்பவை.

அப்படியும் ஆசை விடவில்லையென்றால், போன வருஷம் இதே நர்சரியில் இரண்டாம் முறை பூத்த செடி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். எனக்கு போனில் ஒரு படத்தைக் காட்டினார். செடிக்குப் பின்னால் நின்ற ஆள் ஸ்வெட்டர் போட்டிருந்தார்.