சூப்பர் 8 கேமராவுக்குத் துணையாக ஜூம் எச்1 எசென்ஷியல்

நெல்லைப் பேச்சை டப்பிங் கூடத்தில் திரும்பப் பேசவைத்து ஒட்டினால், சொற்கள் எல்லாம் சரியாக அமைந்தாலும் அந்த இழுவையும் ஏற்ற இறக்கமும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆகவே நம் பக்கத்தில் சிறிய அளவில் படம் எடுப்பவர்கள், எடுக்கும் இடத்திலேயே ஒலியையும் பதிந்துவிடுவதே மேல் என்பது என் எண்ணம். ஜூம் நிறுவனத்தின் எச்1 எசென்ஷியல் என்ற கையடக்கப் பதிவுக் கருவி அதற்கு எவ்வளவு தூரம் ஈடுகொடுக்கிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

கோடாக் 1965இல் அறிமுகப்படுத்திய, 8 மில்லிமீட்டர் அகலச் சுருளில் படம் எடுக்கும் சூப்பர் 8 முறையில், ஓரத்தில் காந்தப் பட்டை பூசிய ஒலிச்சுருள் 1973இல் வந்து 1997இல் நின்றுபோனது. இன்று கிடைப்பது ஊமைச்சுருள்தான் என்பதால், ஒலியைத் தனியே பதிந்து கணினியில் படத்தோடு இணைத்தாக வேண்டும்.

இக்கருவியின் பெரிய பலம் 32 பிட் ஃப்ளோட் முறை, அதாவது மெல்லிய ஒலியையும் பெரும் சத்தத்தையும் ஒருசேர அடக்கும் பதிவு முறை. பதிவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வேலையே இதில் கிடையாது. கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டைப் பதியும்போது இதன் அருமை தெரிந்தது. புலவர் குரலைத் தணித்துக் கதை சொல்லிக்கொண்டிருக்கையில் வீசுகோலும் குடமும் ஒரே நேரத்தில் எழும்பின; அடுத்த நொடியே வெளியே வேட்டும் போட்டார்கள் (வேட்டுப் போடுகிறவர் எந்த ஊரிலும் யாரிடமும் சொல்லிவிட்டுப் போடுவதில்லை). கணினியில் திறந்தபோது அந்த இடங்களில் அலைவடிவம் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகத்தான் தெரிந்தது. அளவைக் குறைத்ததும் வெட்டுப்பட்ட உச்சிகள் முழு வடிவத்தோடு வெளிப்பட்டன. ஆனால் மைக்கே தாங்காத சத்தம் என்றால் எந்தப் பிட்டும் காப்பாற்றாது. மேளத்தை ஒட்டிக் கருவியை வைக்கக் கூடாது.

காற்றுதான் அடுத்த சிக்கல். ஆனி, ஆடியில் பணகுடி, ராதாபுரம் பக்கம் வெளிப்புறப் படப்பிடிப்பு என்றால் உரோம உறையைத் தனியாக வாங்காமல் கிளம்பக் கூடாது. வெறும் ஸ்பான்ஞ் உறை அந்தக் காற்றுக்கு ஆகாது. கேமரா மோட்டாரின் கரகரப்பும் பதிவில் விழும் என்பதால், கருவியைக் கேமராவின் மீது பொருத்தாமல், பேசுகிறவருக்கு அருகில் கொண்டுபோய் வைப்பதே சரி.

படத்துக்கும் ஒலிக்கும் உள்ள இணைப்பு நழுவுவதற்குக் கருவியைக் குறை சொல்ல முடியாது. டிஜிட்டல் பதிவின் வேகம் கிரிஸ்டல் (சீராகத் துடிக்கும் படிகம்) கட்டுப்பாட்டில் ஓடுவது. பெரும்பாலான பழைய சூப்பர் 8 கேமராக்களின் மோட்டாருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, பேட்டரி இறங்க இறங்க வேகமும் மாறும். 50 அடிச் சுருள் நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் இரண்டரை நிமிடம் ஓடும். அதில் வேகம் ஒரு சதவீதம் பிசகினால் முடிவில் ஒன்றரை நொடி, அதாவது 36 ஃபிரேம், விலகிவிடும். உதடு ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமுமாகப் போவதற்கு இதில் பத்தில் ஒரு பங்கே போதும். பழைய கேமராவுக்கு டைம்கோடு (படத்திலும் ஒலியிலும் ஒரே நேரக்குறியைப் பதியும் முறை) கொடுக்க வழியில்லாததால், ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் கிளாப் அடித்து, இரண்டுக்கும் பொருந்தும்படி ஒலியை நீட்டியோ சுருக்கியோ கொள்ளலாம். வேகம் ஷாட்டின் நடுவில் மாறியிருந்தால் இதுவும் பலிக்காது; அண்மைக் காட்சிகளைச் சின்னச் சின்ன ஷாட்டுகளாகப் பிரித்து எடுப்பதுதான் வழி. செல்பேசியில் எடுப்பவர்களும், பல செல்பேசிகள் ஃபிரேம் வேகத்தைத் தாமாகவே மாற்றிக்கொள்வதால், வேகத்தை நிலைப்படுத்தும் செயலியைப் பயன்படுத்த வேண்டும்.

மற்றபடி, ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிவது என்ற அமைப்பை 48 கிலோஹெர்ட்ஸில் வைத்துவிட்டால் படத்தொகுப்பில் தொல்லை இல்லை. சட்டைமைக் செருக 3.5 மில்லிமீட்டர் துளை ஒன்றே இருப்பதால், ஒருவர் பேசும் நேர்காணலுக்கு இது தாராளமாகப் போதும். இருவர் எதிரெதிரே நின்று பேசும் காட்சிகளே அதிகம் என்றால், கூடுதல் செலவானாலும், தொழில்முறை மைக்குகளைச் செருகும் எக்ஸ்எல்ஆர் உள்ளீடு இரண்டு கொண்ட அதே நிறுவனத்தின் எஃப்3 பதிவுக் கருவியை வாங்குவது நல்லது.