சாயங்காலம் ஏழு மணிக்கு எது கைகொடுக்கும்? தமிழ்நாட்டின் கார்பன் கணக்கு

2070-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு, அதாவது வெளியிடும் கரியமில வாயுவும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சமமாகும் நிலை என்று இந்தியா 2021-இல் கிளாஸ்கோவில் அறிவித்தது. அதற்கு முன்பே நாங்கள் எட்டிவிடுவோம் என்கிறது தமிழ்நாடு அரசு. இந்த பேச்சு வந்தாலே முப்பந்தல் காற்றாலைகளையும் கமுதியில் 2016-இல் வந்த 648 மெகாவாட் சோலார் பூங்காவையும் எடுத்துக் காட்டுவார்கள். இரண்டுமே பெருமைக்குரியவைதான். ஆனால் எத்தனை மெகாவாட் நிறுவினோம் என்ற கணக்கு வானத்துக்குத் தெரியாது. வடசென்னையிலும் மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் எரியும் நிலக்கரி குறைந்ததா என்பதுதான் கேள்வி. ஒரு யூனிட் மின்சாரத்தை நிலக்கரியில் எடுத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறும்.

அதனால் முன்வைக்கப்படும் வழிகளை எல்லாம் இங்கே ஒரே தராசில் வைக்கிறேன். சாயங்காலம் ஏழு மணி, வெயில் போய்விட்டது, வீடுகளில் விளக்கு, டிவி, ஏசி எல்லாம் ஓடுகின்றன. அந்த நேரத்தில் எது எவ்வளவு நிலக்கரியை மிச்சப்படுத்தும்? மின்துறை அளவில் குறைப்பு சாத்தியம் என்றே நினைக்கிறேன். ஆனால் மேடைகளில் அதிகம் பேசப்படும் வழிகள் இந்த தராசில் கடைசியில்தான் வருகின்றன.

மரம் நடுதலை முதலில் முடித்துவிடலாம். 210 மெகாவாட் அனல் யூனிட் ஒன்று 70 சதவீதத் திறனில் ஒரு நாள் ஓடினால் சுமார் 3,500 டன் கரியமில வாயு. நன்கு வளர்ந்த மரம் ஆண்டுக்கு 20 கிலோ வரை இழுக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படியானால் அந்த ஒரு நாள் புகைக்கு ஒன்றே முக்கால் லட்சம் மரங்கள் ஒரு வருடம் உழைக்க வேண்டும். நிழலுக்கும் மழைநீருக்கும் மண்ணுக்கும் மரம் நடுவோம். கார்பன் கணக்கில் அதைப் பெரிதாகக் காட்டுவது விளம்பரம்.

அடுத்து சோலார். வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் போட்டால் நாளுக்குச் சுமார் 12 யூனிட் கிடைக்கும். ஒன்றிய அரசு 78,000 ரூபாய் மானியமும் தருகிறது. தடை எங்கே என்றால் நம் மின்கட்டணத்தில். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேலும் கொஞ்ச தூரம் சலுகை விலை. பில் சில நூறு ரூபாயோடு முடிகிற வீட்டுக்காரர் எதற்காகக் கடன் வாங்கித் தகடு மாட்டப் போகிறார்? மூன்று ஏசி உள்ள வீட்டுக்குத்தான் அது லாபம். பூங்கா சோலாரில் இந்தச் சிக்கல் இல்லை, யூனிட் விலையும் குறைவு. ஆனால் ஏழு மணிக் கேள்விக்கு இரண்டுமே பூஜ்யம்.

பகலிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. சோலார் உச்சத்தில் இருக்கிறதே என்று அனல் யூனிட்டை அணைத்துவிட முடியாது. பழைய யூனிட்டை 55 சதவீதத்துக்குக் கீழே இறக்கி ஓட்டுவதே சிரமம். அணைத்தால் கொதிகலனைத் திரும்ப ஏற்ற மணிக்கணக்கில் ஆகும். எனவே சாயங்காலம் தேவைப்படும் என்பதற்காகவே நண்பகலிலும் நிலக்கரி எரிந்துகொண்டிருக்கும். தகடுகள் கூடக் கூட இந்த முடிச்சு இறுகத்தான் செய்யும்.

காற்று வேறு மாதிரி. மே முதல் செப்டம்பர் வரை கணவாய்களில் வீசும் காற்று பிற்பகலில் வலுத்து இரவிலும் நீடிக்கும். சாயங்காலத் தேவைக்கு அது நேராகவே உதவுகிறது. சீசன் உச்சத்தில் ஒரே நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் கொடுத்த நாட்கள் உண்டு. இங்கேதான் எனக்கு ஆதங்கம். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் ஆரல்வாய்மொழி தாண்டியதும் பாருங்கள்: இரும்புச் சட்டக் கோபுரத்தில் 225, 250 கிலோவாட் குட்டிக் காற்றாலைகள் நெருக்கி நிற்கும். நாட்டிலேயே சிறந்த காற்று அடிக்கும் மண் அது. இன்றைக்கு வரும் ஒரே காற்றாலை 2,000, 3,000 கிலோவாட். உயரமும் பல மடங்கு. பழையதைக் கழற்றிப் புதியதை நிறுத்தினால் புது நிலம் தேடாமலே உற்பத்தி பெருகும்.

ஏன் நடக்கவில்லை? முதலில், இந்தக் காற்றாலைகளில் பலவற்றின் சொந்தக்காரர்கள் கோவை, திருப்பூர் பக்கத்து ஆலைக்காரர்கள். தேய்மானக் கழிவு என்ற வருமான வரிச் சலுகைக்காக 1990-களில் போட்டது. வரி லாபம் அப்போதே கைக்கு வந்துவிட்டது. இன்று கிடைப்பதெல்லாம் உபரி. அடுத்தது, ஒரு பெரிய காற்றாலைக்கு இடம் விடப் பக்கத்துப் பட்டாவில் உள்ள நாலைந்து பேரின் குட்டிக் காற்றாலைகளும் போக வேண்டும். அத்தனை பேரையும் ஓரிடத்தில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்குவது பங்காளிச் சொத்துப் பிரிப்பதைவிடக் கஷ்டம். போதாக்குறைக்கு, சீசனில் உண்டாக்கிய மின்சாரத்தை வாரியத்தில் சேமித்து வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளும் ‘பேங்கிங்’ வசதி பழைய காற்றாலைகளுக்குத்தான் தாராளம். புதுப்பித்தால் அது போய்விடுமோ என்ற பயம். பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கென்றே 2024-இல் மாநில அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது. ஆனாலும் இந்த பேங்கிங் கவலையைத் தீர்க்காத வரை ஆலைக்காரர்கள் அசைய மாட்டார்கள்.

அணுமின்சாரம் ஏழு மணிக்கும் ஓடும், நள்ளிரவுக்கும் ஓடும். கூடங்குளத்தின் இரண்டு உலைகளும் சேர்ந்து 2,000 மெகாவாட். ஆனால் முதல் உலைக்கு 2002-இல் அடித்தளம் போட்டு, வணிக உற்பத்தி தொடங்கியது 2014 டிசம்பரில். கிடைப்பதும் அண்டை மாநிலங்களோடு பங்கு. இடிந்தகரை மக்களின் அச்சத்துக்கு இன்றுவரை மரியாதையான பதில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல் முடிவு டெல்லியில். மாநிலம் தன் திட்டமாகச் சொல்லிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை.

பகல் வெயிலைச் சாயங்காலத்துக்குக் கொண்டுவருவதுதான் உண்மையான போட்டி. வால்பாறை மலையில் காடம்பாறை நீரேற்று மின்நிலையம் 1980-களின் கடைசியிலிருந்து 400 மெகாவாட் தருகிறது. மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாற்றுத் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி டர்பைனை ஓட்டுவார்கள். 100 யூனிட் செலவழித்தால் 75, 80 திரும்பும். நீலகிரியில் குந்தாவில் இன்னொரு 500 மெகாவாட் திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. மலையைக் குடைய வேண்டும், காட்டுக்கு அனுமதி வேண்டும். பேட்டரியை ஒன்றிரண்டு வருடத்தில் நிறுத்திவிடலாம். விலையும் இறங்கிவருகிறது. ஆனால் இப்போதைய டெண்டர்கள் பெரும்பாலும் 2 மணி நேரம், 4 மணி நேரத்துக்குத்தான். சாயங்காலத்துக்குப் போதும், ஏப்ரல் மாத ராத்திரி முழுக்க ஓடும் ஏசிக்குப் போதாது.

இந்த இரண்டையும்விட மலிவான மூன்றாவது வழி வயலில் இருக்கிறது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய பம்புசெட்டுகள் இலவச மின்சாரத்தில் ஓடுகின்றன. தண்ணீர் இறைக்க ராத்திரிதான் வேண்டும் என்று எந்த விவசாயியும் கேட்கவில்லை. ‘ராத்திரி கரண்ட்’ வருகிறதே என்று டார்ச்சும் கையுமாகப் பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். இந்த மோட்டார்களை வெயில் நேரத்துக்கு மாற்றினால், மோட்டார் இழுத்த அளவு சோலாருக்குச் சேமிப்பே தேவையில்லை, தண்ணீராகவே சேமித்தாகிவிட்டது. குஜராத் 2020-இல் பகல் மின்சாரத் திட்டம் தொடங்கியது. மகாராஷ்டிரம் கிராமத்து விவசாய லைன்களுக்கென்றே சோலார் நிலையங்கள் கட்டுகிறது. இங்கே அதற்கு ஊர் வீடுகளின் லைனையும் மோட்டார் லைனையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். செலவுதான், ஆனால் மலையைக் குடையும் செலவில்லை. இலவசத்தைத் தொடவே வேண்டாம், நேரத்தை மட்டும் மாற்றினால் போதும். இதைச் சொன்னாலே ‘இலவசத்தில் கை வைக்கிறார்கள்’ என்று கிளப்பிவிடுவார்களோ என்ற தயக்கம்தான் கட்சிகளைத் தடுக்கிறது போலிருக்கிறது.

மின்சாரப் பேருந்து நல்லது, சென்னை நுரையீரலுக்கு ரொம்பவே நல்லது. அதை ராத்திரி டெப்போவில் நிலக்கரி மின்சாரத்தில் சார்ஜ் செய்தால் கார்பன் லாபம் சுருங்கிவிடும்.

மிஞ்சுவது நிலக்கரியேதான். தூத்துக்குடியிலும் மேட்டூரிலும் வடசென்னையிலும் மொத்தம் பன்னிரண்டு பழைய 210 மெகாவாட் யூனிட்டுகள் இருந்தன. தூத்துக்குடியில் முதல் யூனிட் 1979-இல் வந்தது. மறுபக்கம் உடன்குடியில் இரண்டு, எண்ணூரில் இரண்டு என 660 மெகாவாட் புது யூனிட்டுகள். புதியது ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் குறைவான நிலக்கரி தின்னும். பழையதற்குப் பதிலாக அது வந்தால் உமிழ்வு இறங்கும். பழையதோடு சேர்ந்து ஓடினால் ஏறும். 2017-இல் பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தை மூடியபோது மின்வெட்டு வந்து ஊர் இருண்டுவிடவில்லை. உடன்குடியின் ஒவ்வொரு புது யூனிட்டும் ஓடத் தொடங்கும்போது எந்தப் பழைய யூனிட் நிற்கும் என்று தேதி போட்டு ஒரு அரசாணை வரட்டும். அதன் பிறகு 2070 பற்றிப் பேசலாம்.