செம்பருத்தியில் மாவுப்பூச்சி: தண்ணீரா, சோப்பா, வேப்பெண்ணெயா, கடை மருந்தா?

வெயில் ஏறத் தொடங்கியதும் வீட்டுத் தோட்டக்காரர்கள் மத்தியில் ஒரு கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும்: "செம்பருத்தி முழுக்க வெள்ளையா அப்பிக் கிடக்கு, என்ன அடிக்கலாம்?" பதில்களுக்கும் பஞ்சமில்லை. ஒருவர் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கச் சொல்வார். இன்னொருவர் சோப்புக் கரைசல் என்பார், வேறொருவர் வேப்பெண்ணெய் என்பார். உரக்கடைக்குப் போனால் ஒரு சின்ன பாட்டில் கைக்கு வரும். இந்த நாலுமே மாவுப்பூச்சியைக் கொல்லும். எது சீக்கிரம் கொல்கிறது என்று பார்த்தால் பாட்டில்தான் ஜெயிக்கும். ஒரு மாதம் கழித்து எந்தச் செடி நன்றாக இருக்கிறது என்று பார்த்தால் வரிசை தலைகீழாக மாறிவிடும். வீட்டுத் தோட்டத்துக்கு இரண்டாவது கணக்குதான் சரி என்பது என் கருத்து.

அடிப்பதற்கு முன்னால், அது மாவுப்பூச்சிதானா என்று பார்க்க வேண்டும். வெள்ளையாக இருப்பதெல்லாம் மாவுப்பூச்சி ஆகாது. இலையின் அடிப்பக்கம் சுருள் சுருளாக வெள்ளை மெழுகுக் கோடுகள் இருந்து, இலையைத் தட்டினால் குட்டி வெள்ளை ஈக்கள் பறந்தால், அது சுருள் வெள்ளை ஈ. தென்னை, கொய்யா, பாதாம் மரங்களில் அதிகம் பார்க்கலாம். மாவுப்பூச்சி பறக்காது (ஆணுக்கு மட்டும் இறக்கை உண்டு, அது கண்ணில் படுவதே அபூர்வம்). கணுக்களிலும் மொட்டின் காம்பிலும் இளந்தளிரிலும் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும்.

மாவுப்பூச்சியிலும் வகைகள் உண்டு. ஒன்றைப் பல்குத்தும் குச்சியால் நசுக்கிப் பாருங்கள். மஞ்சளாகச் சாறு வந்தால் பெரும்பாலும் பப்பாளி மாவுப்பூச்சி. இளஞ்சிவப்பு உடம்பு, நசுக்கினால் சிவப்புச் சாறு, கூடவே தளிர்கள் சுருண்டு கொத்தாகக் குறுகிப் போயிருந்தால் அது இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி. முதுகில் இரண்டு கருங்கோடுகள் தெரிந்தால் பருத்தியைத் தாக்கும் வகை. மூன்றுமே செம்பருத்திக்கு வரும். தெளிக்கும் முறை மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இளஞ்சிவப்பு வகை என்றால் மட்டும் சுருண்ட நுனிகளை வெட்டி எடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் அந்தச் சுருளுக்குள் எந்தத் தெளிப்பும் போகாது.

இதைவிட முக்கியமான இன்னொரு அடையாளம் இருக்கிறது. மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே, அதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக, உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு நூல்கள் தொங்க ஒன்று நகர்ந்துகொண்டிருக்கும். பார்த்ததும் "தாய்ப்பூச்சி" என்று நினைத்து முதலில் அதைத்தான் நசுக்குவார்கள். குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி என்றால் அப்படியே கிடக்கும், அல்லது மெதுவாக அசையும். இது விறுவிறுவென ஓடும். இது பொறிவண்டின் புழு. கிரிப்டோலேமஸ் என்று பெயர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டு 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வளர்ந்த வண்டு கருப்பாக, தலைப்பக்கமும் பின்நுனியும் மட்டும் செம்மஞ்சளாக இருக்கும். புழுவும் வண்டும் மாவுப்பூச்சியையும் அதன் முட்டைகளையும் தின்றே வளர்கின்றன. உங்கள் செடியில் இது இருந்தால் எந்தத் தெளிப்பும் வேண்டாம், சில வாரம் விட்டுவிடுங்கள்.

சரி, இது இல்லை, செடி வாடுகிறது என்றால் அப்புறம்தான் நாலு வழிகளையும் ஒப்பிட வேண்டும்.

தண்ணீர்தான் மலிவு, ஆனால் பலரும் மதிப்பதில்லை. குழாயின் முனையை விரலால் பாதி அடைத்து, இலையின் அடியிலும் கணுவிலும் வேகமாகப் பீய்ச்சினால் கூட்டத்தில் பெரும்பகுதி விழுந்துவிடும். பெண் பூச்சிக்கு இறக்கை இல்லை, விழுந்த பெரிய பூச்சிகளில் பல திரும்ப ஏறி வராது. மூன்று நாளுக்கு ஒருமுறை என்று ஓரிரு வாரம் விடாமல் செய்தால் தொடக்கநிலைத் தாக்குதல் இதிலேயே அடங்கும். பிரச்சினை முட்டைப்பையில் இருக்கிறது. ஒரு பெண் பூச்சி பஞ்சு போன்ற பையில் நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். பட்டை இடுக்கில் ஒட்டிய பையைத் தண்ணீர் முழுதாகப் பெயர்க்காது. தொட்டிச் செடிக்கும் ஆளுயரச் செம்பருத்திக்கும் இது போதும். கிளை அடர்ந்த பெரிய செடிக்குப் போதாது.

சோப்புக் கரைசல் இன்னொரு படி மேலே. மாவுப்பூச்சியின் மெழுகுப் பூச்சு தண்ணீரை ஒட்டவிடாது. பல மருந்துகள் மேலே பட்டும் உள்ளே இறங்காமல் போவதற்குக் காரணம் அந்த மெழுகுதான். சோப்பு அதைக் கரைத்து உடம்பைக் காயவைத்துவிடும். துணி துவைக்கும் தூள் வேண்டாம், இலையைக் கருக்கிவிடும். சாதாரணக் கட்டிச் சோப்பைச் சீவி லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் வரை கரைத்தால் போதும். முதலில் நாலு இலையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பாருங்கள். சோப்பு ஈரமாக இருக்கும்வரைதான் கொல்லும். குறையாகச் சொல்லப்படும் இந்த விஷயத்தைத்தான் நான் அதன் பெரிய பலமாகப் பார்க்கிறேன். காய்ந்தபின் வந்து உட்காரும் பொறிவண்டுக்கோ தேனீக்கோ அதனால் ஒன்றும் ஆகாது.

நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு திரிந்து மேலே ஆடை மாதிரி மிதக்கும். அந்தக் கரைசல் பூச்சியைக் கொல்லாது. "சோப்பு அடிச்சுப் பார்த்தேன், கேட்கலை" என்று சொல்கிறவர்களில் பலருக்கு இதுதான் நடந்திருக்கும். மழைநீரோ குடிதண்ணீரோ எடுத்துக் கரைத்தால் வித்தியாசம் தெரியும். உரக்கடைகளில் கிடைக்கும் மீன் எண்ணெய் சோப்பு இதைவிடப் பலமானது. லிட்டருக்கு 25 கிராம் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. வாசனை மட்டும் ஒரு நாளைக்கு இருக்கும், அடுக்குமாடியில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு அடிப்பது நல்லது.

வேப்பெண்ணெய் அடிக்கிறவர்கள் அதிகம். சரியாகக் கலக்குகிறவர்கள் குறைவு. லிட்டர் தண்ணீரில் 5 மில்லி எண்ணெயை நேராக ஊற்றினால் அது மேலே மிதக்கும். கைத்தெளிப்பானில் முதலில் வெறும் தண்ணீர் வரும், கடைசியில் வெறும் எண்ணெய் வரும். அந்தக் கடைசி எண்ணெய் பட்ட இலைதான் கருகும். முதலில் எண்ணெயில் சோப்புக் கரைசலை விட்டு நன்றாக அடித்துக் கலக்க வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்தால் பால் மாதிரி வெள்ளையாகும். அந்தப் பதம் வந்தால்தான் தெளிக்கலாம். வெயில் தாழ்ந்தபின் அடியுங்கள். வெயிலில் இலையும் கருகும், வேம்பிலுள்ள அசாடிராக்டினும் சீக்கிரம் சிதைந்துவிடும்.

சோப்பும் வேம்பும் ஒன்றுக்கொன்று போட்டியில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சோப்பு அன்றே கொல்கிறது. வேம்பு பூச்சியைத் தின்னவிடாமல் செய்து, குஞ்சுகள் தோலுரித்து வளர்வதைக் கெடுக்கிறது. அதனால் அடித்த மறுநாள் பூச்சி அப்படியே இருக்கிறதே என்று கைவிடக் கூடாது. வாரம் ஒருமுறை என்று மூன்று வாரம் அடித்தால், முட்டையிலிருந்து புதிதாக வருபவை வளராமல் நின்றுபோவது தெரியும். இரண்டில் ஒன்றுதான் என்றால், கூட்டம் கண்ணுக்குத் தெரிகிற நிலையில் சோப்பையும், கழுவித் துடைத்து முடித்தபின் திரும்ப வராமல் இருக்க வேம்பையும் எடுப்பேன்.

இப்போது அந்தச் சின்ன பாட்டில். பெரும்பாலும் அது இமிடாகுளோபிரிட் வகையைச் சேர்ந்ததாக இருக்கும். செடி அதை உறிஞ்சி உடம்பு முழுக்க எடுத்துக்கொள்ளும், சாற்றைக் குடிக்கும் பூச்சி செத்துவிடும். மெழுகுப் பூச்சு இங்கே தடையே இல்லை. ஒரே தெளிப்பில் செடி சுத்தமானது போலத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் உறிஞ்சிய மருந்து தேனுக்கும் மகரந்தத்துக்கும் போகிறது. தேனீக்களுக்கு ஆபத்து என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் இதைத் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்தத் தடை விதித்தது. செம்பருத்தியில் தேன்சிட்டு வந்து குடிக்கிறது. நாமும் அதன் பூவைக் காய்ச்சிக் குடிக்கிறோம், இலையை அரைத்துத் தலைக்குத் தேய்க்கிறோம். பக்கத்துத் தொட்டியில் கறிவேப்பிலை நிற்கிறது.

அளவு இன்னொரு சங்கடம். இந்த மருந்துக்கு லிட்டருக்கு அரை மில்லிகூடத் தேவைப்படாது. வீட்டில் அதை அளக்க என்ன இருக்கிறது? பாட்டில் மூடிதான். ஒரு மூடி 5 மில்லி பிடித்தால் பத்து மடங்குக்கு மேல் போகிறது. வயலுக்கென்று செய்த மருந்தை ஒரு தொட்டிக்கு அடிப்பதில் இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது. பாட்டிலில் உள்ள முக்கோணத்தையாவது பாருங்கள். சிவப்பு என்றால் கடும் நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சு குறையும். பழைய பழக்கத்தில் ரோஜாத் தொட்டிக்கு ஃபோரேட் குருணை போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது 2020 டிசம்பர் 31-லிருந்து நாட்டில் தடை செய்யப்பட்டது. மிச்சம் இருந்தாலும் தொடாதீர்கள்.

கடை மருந்தை நான் கடைசியில் வைப்பதற்கு முக்கியக் காரணம் கோவையில் நடந்த ஒரு விஷயம். பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலில் 2008-ல் கோவையில்தான் கண்டறியப்பட்டது. பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். இங்கே அதற்கு எதிரி இல்லை. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவி, வேலியோரத் துத்தியிலும் பார்த்தீனியத்திலும்கூடத் தங்கியது. விவசாயிகள் மருந்து மேல் மருந்து அடித்தும் அது அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவி வரவழைக்கப்பட்டது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி. பெங்களூரில் ஆய்வு செய்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கி, மாவட்டம் மாவட்டமாக விட்டார்கள். அடுத்த ஆண்டே மாவுப்பூச்சி பெருமளவு அடங்கியது. மருந்தால் முடியாததைக் குளவி முடித்தது. அந்தக் குளவியின் வாரிசுகள் இன்றும் நம் தோட்டங்களைச் சுற்றிப் பறக்கின்றன. பழுப்பாக உப்பி, முதுகில் வட்ட ஓட்டையோடு ஒரு மாவுப்பூச்சி கிடந்தால், குளவி அதற்குள் வளர்ந்து வெளியே போய்விட்டது என்று அர்த்தம். இதைப் பார்த்தபின் பாட்டிலை எடுத்தால், முதலில் சாவது குளவிதான். மெழுகுக்குள் முட்டையாக இருப்பவை தப்பிவிடும், எதிரி இல்லாத இடத்தில் இரண்டு மடங்காகப் பெருகும்.

பொறிவண்டைக் காசு கொடுத்து வாங்கி விடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். தோப்புக்கு அது நல்ல வழி. நாலு தொட்டிக்கு வேண்டாம். தின்ன மாவுப்பூச்சி தீர்ந்ததும் அது பறந்துவிடும். மாவுப்பூச்சியைத் தாக்கும் லெக்கானிசிலியம் என்ற பூஞ்சைத் தூளும் கிடைக்கிறது. ஈரப்பதம் இருந்தால்தான் அது வளரும், அதனால் ஐப்பசி கார்த்திகை மழையில் வேலை செய்யும், சித்திரை வெயிலில் காசு வீண்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் எறும்பை விட்டுவிட்டால் பலன் இருக்காது. மாவுப்பூச்சி வெளியேற்றும் இனிப்புக் கழிவுக்காக எறும்பு வரும். அந்தக் கழிவு இலையில் படிந்த இடத்தில்தான் கரும்பூஞ்சணம் பிடிக்கிறது. எறும்பு பொறிவண்டையும் குளவியையும் விரட்டும், மாவுப்பூச்சிக் குஞ்சுகளை ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிப்போய் விடும். தண்டைச் சுற்றி ஒரு துணிப்பட்டையைக் கட்டி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள், தண்டின் தோலில் நேராகத் தடவ வேண்டாம். தொட்டி என்றால் தண்ணீர்த் தட்டில் கல் வைத்து அதன்மேல் தொட்டியை வையுங்கள். சுவரைத் தொடும் கிளையை வெட்டிவிடுங்கள், எறும்புக்கு அதுவே பாலம். இதை மட்டும் செய்துவிட்டுச் சும்மா இருந்தாலே பாதிச் செடிகளில் பொறிவண்டு வந்து சேர்ந்துவிடும்.

செம்பருத்தியில் நான் போகும் வரிசை இது: நுனிகளை வெட்டுவது, எறும்பைத் தடுப்பது, தண்ணீர், சோப்பு, மூன்று வாரம் வேம்பு. தென்னையில் சுருள் வெள்ளை ஈ என்றால் கதை வேறு. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் வந்த அந்தப் பூச்சிக்கும் என்கார்சியா என்ற குளவிதான் எதிரி, அங்கேயும் மருந்து அடிக்க வேண்டாம் என்பதே பரிந்துரை. மஞ்சள் ஒட்டும் அட்டையும், கரும்பூஞ்சணம் உரிய லிட்டருக்கு 25 கிராம் மைதாப் பசையும் போதும். தென்னையில் சிவப்புக் கூன்வண்டு புகுந்திருந்தால் மட்டும் சோப்பும் வேம்பும் உதவாது. தண்டுக்குள் இருக்கும் புழுவை அவை எட்டாது, வேளாண் அலுவலரைக் கூப்பிட்டு அவர் சொல்வதைச் செய்யுங்கள்.

வெட்டிய நுனிகளைக் குப்பைக் குழியிலோ பக்கத்துக் காலி மனையிலோ போடக் கூடாது. குஞ்சுகள் காற்றில் திரும்பி வரும். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, நாலைந்து நாள் மொட்டைமாடி வெயிலில் கிடத்திவிட்டுப் பிறகு எடுத்துப் போடுங்கள்.