ஒரே தயாரிப்பாளர், இரண்டு வழிகள்: 'பேக் இன் பிளாக்', 'ஹிஸ்டீரியா'

ஹார்ட் ராக் இசையில் ஒலிக்குக் கனம் எங்கிருந்து வருகிறது? தயாரிப்பாளர் மட் லாங் இந்தக் கேள்விக்கு இரண்டு ஆல்பங்களில் நேரெதிரான விடைகளைக் கொடுத்தார். ஏசி/டிசி குழுவின் 'பேக் இன் பிளாக்' (1980) சுமார் ஏழு வாரத்தில் முடிந்தது. டெஃப் லெப்பர்ட் குழுவின் 'ஹிஸ்டீரியா' (1987) மூன்று ஆண்டு இழுத்தது. முதலாவது கனத்தை ஒலிகளுக்கு நடுவே விடும் இடைவெளியில் தேடியது, இரண்டாவது ஒலிமேல் ஒலியாக அடுக்குவதில் தேடியது.

முதலில் 'பேக் இன் பிளாக்'. பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரி 19 அன்று இறந்தார். ஏப்ரலில் புதிய பாடகர் பிரையன் ஜான்சனோடு குழு பஹாமாஸின் நசாவ் நகரில் காம்பஸ் பாயிண்ட் ஸ்டுடியோவில் இறங்கிவிட்டது. ஒலிப்பதிவுப் பொறியாளர் டோனி பிளாட் ஸ்னேர் டிரம்மை (டிரம்ஸில் 'சட்'டென்று வெடிக்கும் டிரம்)த் தட்டிக்கொண்டே அறையைச் சுற்றி வந்து, சத்தம் நன்றாக விரியும் இடத்தில்தான் டிரம்ஸைப் போட வைத்தார். மால்கம் யங்கின் கிதார் ஒரு காதில், ஆங்கஸ் யங்கின் கிதார் மறு காதில். தலைப்புப் பாடலின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் வரி) ஈ, டி, ஏ என்ற மூன்று கார்டுகள்தான் (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்). ஒவ்வொன்றுக்கும் பிறகு கார்வை, அதாவது கிதார் ஓயும் இடைவெளி, அந்தக் கார்வையில் பில் ரட்டின் டிரம்ஸ் மட்டும். இதைப் பலர் தவறாகப் பிடிக்கிறார்கள். கனமாக்கலாம் என்று டிஸ்டார்ஷனை (கிதார் ஒலியைக் கரகரப்பாக்கும் சிதைவை) ஏற்றினால் கார்டின் வால் நீண்டு கார்வையை மூடிவிடும், ஸ்னேர் புதைந்துபோகும். மால்கமின் டிஸ்டார்ஷன் எவ்வளவு குறைவு என்று கவனியுங்கள். தந்திகள் தனித்தனியாகக் கேட்கும்.

அதே ஆல்பத்தின் 'ஹெல்ஸ் பெல்ஸ்' பாடலில் ஒலிக்கும் மணிக்கும் இதே பிடிவாதம். இங்கிலாந்தில் லஃப்பரோ நகரின் நினைவுக் கோபுர மணியைப் பதிவு செய்யப் போனபோது, ஒவ்வொரு அடிக்கும் உள்ளிருந்த பறவைகள் படபடத்துப் பறந்து பதிவு கெட்டது. அதே ஊரின் ஜான் டெய்லர் வார்ப்புக்கூடம் குழுவுக்காக வார்த்த ஒரு டன் மணியையே பதிவு செய்தார்கள். டேப்பை அரை வேகத்தில் ஓட்டியதும் ஒலி ஒரு ஸ்தாயி இறங்கி, இன்னும் பெரிய மணிபோல ஆனது.

'ஹிஸ்டீரியா' கதை வேறு. 1984இல் வேறொரு தயாரிப்பாளரோடு தொடங்கி அது சரிவராமல் போக, பின்னர் லாங் திரும்பி வந்தார். 1984 டிசம்பர் 31 அன்று டிரம்மர் ரிக் ஆலன் கார் விபத்தில் இடது கையை இழந்தார். இடது கை செய்த வேலையைக் காலால் மிதிக்கும் பெடல்களுக்கு மாற்றி, எலெக்ட்ரானிக் டிரம்ஸில் மறுபடி வாசிக்கக் கற்றுக்கொண்டார். ஆல்பத்தின் டிரம் ஒலிகள் ஃபேர்லைட் என்ற கணினி இசைக்கருவியில் சாம்பிளாக, அதாவது பதிந்துவைத்த ஒலித்துண்டுகளாக, ஏற்றப்பட்டவை.

கிதாருக்குப் பெரிய மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் அடுக்கு இல்லை. வாக்மேன் அளவுள்ள ராக்மேன் என்ற சிறு ஆம்ப்ளிஃபயர் பெட்டிதான் பெரும்பங்கு. அதன் சத்தம் தனியே கேட்டால் மெலிதாக இருக்கும். மெலிதாக இருப்பதால்தான் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடிந்தது. சில இடங்களில் ஒரு கார்டின் சுரங்களைத் தனித்தனியாக வாசித்துப் பதிந்தார்கள். காரணம் இருக்கிறது: டிஸ்டார்ஷனில் இரண்டு சுரங்கள் சேர்ந்தால் அவற்றின் கூட்டல், கழித்தல் அதிர்வெண்களும் முளைத்துக் கலங்கல் உண்டாகும். தனித்தனியே பதிந்தால் அது வராது. விலை என்னவென்றால் நேரம், கூடவே சேர்ந்து வாசிப்பவர்களுக்கு இடையில் தாளத்தில் இருக்கும் அந்த லேசான இழுபறியும் போய்விடும். 'பேக் இன் பிளாக்'கின் உயிரே அந்த இழுபறிதான்.

நீளமும் வேறு. ஒன்று 42 நிமிடம், மற்றது 62. ஒரே வினைல் தட்டில் பக்கத்துக்கு 31 நிமிடம் என்றால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், ஒலியளவையும் பேஸையும் (தாழ்ந்த ஒலிகளை) குறைக்க வேண்டும். ஆகவே 'ஹிஸ்டீரியா'வை சிடியில் கேட்பதே நல்லது. 'பேக் இன் பிளாக்'குக்கு வினைல் தாராளமாகப் போதும்.

வரவேற்பில் ஒரு விசித்திரம். 'பேக் இன் பிளாக்' பிரிட்டனில் முதலிடம் பிடித்தும் அமெரிக்காவில் நான்காம் இடத்தைத் தாண்டவில்லை. ஆனாலும் 2019இல் அங்கே 25 மடங்கு பிளாட்டினம் (ஒரு பிளாட்டினம் என்பது பத்து லட்சம் பிரதி) சான்று பெற்றது. 'ஹிஸ்டீரியா' அமெரிக்காவில் முதலிடத்துக்கு வர ஏறத்தாழ ஒரு வருடம் ஆனது, 1988 ஜூலையில்தான் வந்தது. ஆல்பத்துக்குக் கடைசியாகச் சேர்ந்த 'போர் சம் சுகர் ஆன் மீ' தான் அதை மேலே தள்ளியது. ஏழு சிங்கிள்கள் (தனியாக வெளியான பாடல்கள்), அமெரிக்காவில் 12 மடங்கு பிளாட்டினம்.

புதிதாக ஆல்பம் செய்யும் குழுவுக்கு எங்கள் தேர்வு முதல் வழி, தயக்கமில்லை. நல்ல டிரம்மர், இரண்டு கிதார், ஒத்திகையில் முடிந்துவிட்ட பாடல் அமைப்பு இருந்தால் அதைச் செய்யலாம். இரண்டாவது வழிக்கு லாங்கைப் போன்ற ஒரு காது வேண்டும். அது இல்லாமல் அடுக்கினால் இருபதாவது டிராக்கில் (தனியாகப் பதியும் ஒலி அடுக்கில்) பாட்டு எங்கே போனது என்றே தெரியாது. பின்னணிக் குரல்களுக்கு மட்டும் 'ஹிஸ்டீரியா'விடம் தயங்காமல் கடன் வாங்கலாம். கோரஸில் ஒரே வரியைப் பலமுறை பாடி அடுக்குங்கள், ஆனால் வரி முடியும் 'ஸ்', 'ட்' ஒலிகளை ஒரே ஒரு டிராக்கில் மட்டும் விடுங்கள். மற்றவற்றில் வெட்டாவிட்டால் அவை முன்னும் பின்னுமாக விழுந்து ஆலங்கட்டி மழைபோலச் சிதறும்.