பாளையங்கோட்டையில் ஐசியூ செவிலியர்களுக்கு ஒருநாள் கவுன்சலிங் வகுப்பு: காலை வேண்டாம், மதியம் போங்க

எங்கள் மருத்துவமனை பணம் கட்டி அனுப்பிய வகுப்பு இது. சென்டர் பெயரைப் போடவில்லை, காலை நேரத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்பதால். மூச்சுப்பயிற்சி, கண்ணை மூடிக் கடற்கரையை நினைப்பது, 'உங்களுக்கென்று நேரம் ஒதுக்குங்கள்' என்று ஒரு ஸ்லைடு. கொரோனா நேரத்தில் பிபிஇ கிட்டுக்குள் வியர்வை ஊற்ற, தண்ணீர்கூடக் குடிக்காமல் டியூட்டி பார்த்த ஆட்களிடம் இதைச் சொன்னால் கொட்டாவிதான் வரும். வந்தது.

மத்தியானம் சொதிச் சாப்பாடு, இஞ்சிப் பச்சடியோடு. அதில் குறையே இல்லை.

அப்புறம் வந்த மேடம் மனநல நர்சிங் படித்தவர். ஸ்லைடே போடவில்லை. எந்த பெட் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை என்று மட்டும் கேட்டார். என் ஜூனியர் ஒருத்தி ஆரம்பித்தாள். 2021 மே மாதம், மகேந்திரகிரி இஸ்ரோவிலிருந்தே ஆஸ்பத்திரிகளுக்குத் திரவ ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்த நேரம் அது. மூக்கு வழியாக வேகமாக ஆக்சிஜன் கொடுக்கிற ஹை ஃப்ளோ மெஷின் ஒன்று நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை இழுக்கும், அதை வைத்து 15 லிட்டர் மாஸ்க் நாலு பேருக்கு ஓட்டலாம். டேங்க் இறங்க இறங்க, ஒரு பெரியவருக்கு மெஷினை எடுத்துவிட்டு மாஸ்க் போடச் சொல்லி போனில் உத்தரவு வந்தது. போய் எடுத்தது இவள். "எக்கா, அலுப்பு தூங்குனா போயிரும். அந்தத் தாத்தா என்னையே பாத்துட்டு இருந்தாருல்லா, அதுக்கு என்ன மூச்சுப்பயிற்சி இருக்கு?" என்றாள்.

மேடம் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்தும் நிறுவனத்தின் கட்டுப்பாடு செய்யவிடாதபோது வருகிற வேதனை இது, மருத்துவ அறம் பற்றி எழுதிய அமெரிக்கர் ஆண்ட்ரூ ஜேம்டன் 1984லேயே நர்சுகளைப் பற்றி இதை எழுதிவிட்டார் என்றார். உங்கள் மனசு பலவீனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் என்றும் சொன்னார். பிறகு நேராக வேலைக்கு வந்துவிட்டார்: யாருக்கு மெஷின் என்பதை பெட் பக்கத்தில் நிற்கிறவர் தலையில் கட்டாமல் இரண்டு மூன்று டாக்டர்கள் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும், காரணத்தை கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும், உயிர் போகிற நேரத்தில் வீட்டு ஆள் ஒருவரையாவது கிட் போட்டு உள்ளே விட வழி இருக்க வேண்டும்.

எல்லாம் சரி. ஆனால் இதைக் கேட்க வேண்டிய நிர்வாகத்து ஆள் ஒருவர்கூட அங்கே இல்லை, அனுப்பி வைத்ததோடு கடமை முடிந்தது அவர்களுக்கு. போவதென்றால் உங்கள் டியூட்டி டாக்டரையும் சூப்பரின்டெண்டென்ட்டையும் கூட்டிக்கொண்டு போங்கள், இல்லையென்றால் பாதிப் பலன்தான்.

வண்டி நிறுத்த இடம் கிடையாது, பஸ்ஸே மேல். வகுப்பு நாளை டியூட்டியாகப் போடுவார்களா, ஆஃபில் கழிப்பார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கழித்துவிட்டார்கள்.