அப்பாவின் ஸ்கேன் அறிக்கை: மதுரையில் கண்டது

டொரொண்டோவில் அவசரமில்லாத சி.டி. ஸ்கேனுக்கு வாரக்கணக்கில் காத்திருந்து பழகிய எனக்கு, மதுரையில் காலையில் சீட்டைக் கொடுத்த அப்பாவின் அறிக்கை அன்று மாலையே கிடைத்தது பெரும் வியப்பாக இருந்தது. ஆனால் அது கைக்கு வந்த விதத்தை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கவுண்டரிலிருந்த பெண் பெயரைக் கூப்பிட்டு உறையை அம்மாவிடம் நீட்டினார். ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அம்மா அங்கேயே பிரித்துப் படித்தார். குடலை ஒட்டிப் பல அறைகள் கொண்ட நீர்க்கட்டி இருப்பதாகவும், புற்றுநோய் திரும்பியிருக்கலாம் என்றும் எழுதியிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. டொரொண்டோவில் எங்கள் குடும்ப மருத்துவர் இத்தகைய செய்தியை நேரில் வரவழைத்துத்தான் சொல்வார். இதை ஸ்கேன் மையத்தின் மேலாளரிடம் சொன்னபோது, "எல்லாருக்கும் இப்படித்தான் சார் குடுக்குறோம்" என்றார்.

இரைப்பைப் புற்றுநோய்க்காக முன்பு அப்பாவின் இரைப்பையில் பெரும்பகுதியையும் சுற்றியிருந்த நிணநீர்க் கணுக்களையும் அகற்றியிருந்தார்கள். ஸ்கேன் சீட்டிலோ "வயிற்று அறுவை" என்று மட்டுமே இருந்தது. கணுக்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அறுவை மருத்துவர் முதலில் கேட்டதே பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத்தான். அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, மருந்துச் சீட்டின் பின்புறத்தில் படம் வரைந்து காட்டினார். கணுக்களை எடுக்கும்போது நிணநீர்க் குழாய்கள் அறுபடுகின்றன. ஓட்டம் தடைபட்ட இடத்தில், அரிதாகச் சிலருக்கு, அவை விரிந்து மெல்லிய சுவருள்ள நீர்க்கட்டிகளாகின்றன. இவ்வகைக் கட்டிகள் பெரும்பாலும் சிறு குழந்தைகளின் கழுத்திலும் அக்குளிலும் வருபவை. வயிற்றுக்குள் வருவது 5 சதவீதத்துக்கும் குறைவு. திடமான பகுதி எதுவும் தெரியாததால் புற்றுநோயாக இருக்க வாய்ப்புக் குறைவு என்றாலும், திசுவைப் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது என்றார். ஊசியால் உறிஞ்சினால் மீண்டும் நிரம்பும் என்பதால் முழுவதுமாக எடுக்க முடிவாயிற்று.

அறுவைக்குப் பின் நோயியல் மருத்துவர் எங்களை உள்ளே அழைத்து, நுண்ணோக்கியில் பார்க்கும்படி அப்பாவிடமே சொன்னார். நிணநீர்க் குழாயின் உட்சுவரை அடையாளம் காட்டும் டி2-40 சோதனையில், கட்டியின் உட்புறத்துத் தட்டையான செல்கள் பழுப்புக் கோடாகத் தெரிந்தன. புற்றுச் செல் ஒன்றுகூட இல்லை. இத்தனை ஆண்டு வெளிநாட்டு வாழ்க்கையில் எந்த ஆய்வகமும் என்னை இப்படி உள்ளே அழைத்ததில்லை. சிறிது மிச்சமிருந்தாலும் கட்டி மறுபடி வளரக்கூடும் என்பதால் அடுத்த ஆண்டும் ஸ்கேன் உண்டு. அந்த அறிக்கையைத் தமக்கே நேரடியாக அனுப்பும்படி அறுவை மருத்துவர் சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்.