பழைய ரைஃபிள் தோட்டா உறைகள்: உலர் முறையா, ஈர முறையா?

அமெரிக்கச் சுடுதளங்களில் பொறுக்கிய பித்தளை உறைகளை வெடிமருந்து நிரப்பி மறுபடியும் பயன்படுத்த விரும்புவோர், முதலில் உறையின் அடிப்பாகத்தில் பொறித்த முத்திரையைப் பார்த்து .223, .300 பிளாக்அவுட் போன்ற தோட்டா வகைகளைத் தனித்தனியாகப் பிரித்து, விரிசல் கண்டவற்றை ஒதுக்கிவிட வேண்டும். அதன் பிறகே எப்படித் துலக்குவது என்ற கேள்வி எழுகிறது: உலர்ந்த துகளோடு அதிர்த்துத் துலக்குவது உலர் முறை; நீரில் எஃகு ஊசிகளோடு சுழற்றித் துலக்குவது ஈர முறை.

செலவு: உலர் முறைக்கு அதிர்வுத் தொட்டியும் சோளத்தக்கைத் துகளும் போதும்.
ஈர முறைக்குச் சுழல் உருளை, துருப்பிடிக்காத எஃகு ஊசிகள், சல்லடை ஆகியவை தேவை. எனினும் ஊசிகள் பல ஆண்டுகள் உழைக்கும்.

துப்புரவு: உலர் முறை வெளிப்புறத்தை மட்டுமே நன்கு துலக்கும்.
பழைய ப்ரைமரை (வெடிமருந்தைப் பற்றவைக்க உறையின் அடியில் பொருத்தும் சிறு மூடியை) முன்னதாகவே நீக்கியிருந்தால், ஈர முறை ப்ரைமர் குழியையும் உட்புறத்தையும் சேர்த்துத் துலக்கும்.

உடல்நலம்: இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். ப்ரைமர் எச்சத்தில் பெரும்பாலும் ஈயம் இருப்பதால், உலர் முறையில் எழும் தூசியைச் சுவாசிப்பது, குறிப்பாகக் குழந்தைகள் உள்ள வீட்டில், உண்மையான ஆபத்தாகும்.
ஈர முறையில் ஈயம் நீரில் தங்கிவிடும், கையுறை அவசியம்.

உழைப்பு: உலர் முறையில் துகளைச் சலித்தாலே போதும்.
ஈர முறையில் உறைகளை முற்றிலும் உலர்த்தாவிட்டால், எஞ்சிய ஈரம் வெடிமருந்தைக் கெடுக்கும்.

எம்முறையாயினும், அம்மோனியா கலந்த மெருகுநீர் பித்தளையில் விரிசலை உண்டாக்கும் என்பதால் அதைத் தொடவே கூடாது.

மண்படிந்த, பல இடங்களில் பொறுக்கிய கலப்பு உறைகளுக்கு ஈர முறையே ஏற்றது; தாமே சுட்டுச் சேர்த்த சுத்தமான சில நூறு உறைகளுக்கு, திறந்த வெளியில் வைத்துச் செய்யும் உலர் முறை போதும்.